பூமிக்குள் மின்சாரம் பாய்ச்சிய அண்ணன் தம்பி

பிரான்சின் வடகிழக்கு மூலையில், அல்சாஸ் பகுதியில், பெஷெல்ப்ரான் என்று ஓர் இடம் இருக்கிறது. பெயருக்கே 'கீல் ஊற்று' என்றுதான் பொருள். மண்ணிலிருந்து தானாகக் கசிந்து வந்த கரிய எண்ணெயை அங்கே பல தலைமுறைகளாக அள்ளி எடுத்திருக்கிறார்கள். 1927 செப்டம்பர் 5ஆம் தேதி அங்குள்ள ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குள் மூன்று பேர் விசித்திரமான ஒரு பொருளை இறக்கினார்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள பேக்கலைட் குழாய்களை ஒன்றோடொன்று கோத்து, அதன்மேல் மின்முனைகளைச் சுற்றி, மேலிருந்து கம்பிகளை இணைத்திருந்தார்கள். கையால் சுற்றும் ராட்டினத்தில் கம்பி ஏறி இறங்கியது.

ஒரு மீட்டர் நகர்த்துவார்கள். நிறுத்துவார்கள். மின்சாரத்தைச் செலுத்தி, மானியின் முள் காட்டும் அளவைத் தாளில் குறிப்பார்கள். மறுபடி ஒரு மீட்டர். நாள் முழுக்க இதே வேலை. பிறகு அந்த எண்களை வரைதாளில் புள்ளிகளாக வைத்து இணைத்தபோது மேலும் கீழுமாக வளைந்து செல்லும் ஒரு கோடு கிடைத்தது. எண்ணெய்க் கிணறு ஒன்றின் உள்ளே எடுக்கப்பட்ட முதல் மின் பதிவு அதுதான். இன்று எண்ணெய்க்காகவோ எரிவாயுவுக்காகவோ தோண்டப்படும் எந்தக் கிணற்றையும் அப்படியொரு பதிவு எடுக்காமல் பெரும்பாலும் மூடுவதில்லை.

அன்று களத்தில் நின்றவர்கள் ஆன்ரி டால், ஷார்ல் ஷைப்லி, ரோஜே ஜோஸ்ட் ஆகிய மூவர். அவர்களை அனுப்பியவர்கள் கொன்ராட் ஷ்லும்பெர்ஜே, மார்செல் ஷ்லும்பெர்ஜே என்ற அண்ணனும் தம்பியும். டால், கொன்ராடின் மருமகன்.

கொன்ராட் 1878இல் பிறந்தவர், மார்செல் 1884இல். இருவரும் பிறந்தது அல்சாஸில் உள்ள கெப்வில்லேர் என்ற நெசவாலை ஊரில். 1871 போருக்குப் பிறகு அல்சாஸ் ஜெர்மனியின் கையில் இருந்தது. குடும்பத்தின் மனமோ பிரான்சோடு இருந்தது. பிள்ளைகள் பாரிஸில் படித்தார்கள். தந்தை பால் ஷ்லும்பெர்ஜே ஆலைத் தொழிலில் வளர்ந்தவர். தாய் மார்கெரித், பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். பிரான்சின் பிரதமராக இருந்த கிசோவின் பேத்தி. இன்னொரு சகோதரர் ழான், எழுத்தாளர் ஆந்த்ரே ழீது முதலானோருடன் சேர்ந்து புகழ்பெற்ற இலக்கிய இதழ் ஒன்றை நிறுவியவர். தறி, அரசியல், இலக்கியம், இயற்பியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் புழங்கிய வீடு அது.

கொன்ராட் இயற்பியலாளர். பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் 1907 முதல் பாடம் நடத்தினார். மார்செல் பொறியாளர், அதிகம் பேசாதவர். அண்ணன் ஒரு கருத்தைச் சொன்னால் அதற்கு எந்த உலோகம், எத்தனை சுற்று, எந்தத் திருகு என்று தம்பி யோசிக்கத் தொடங்கிவிடுவார். இந்த ஜோடிப் பொருத்தம் இல்லாமல் கொன்ராடின் யோசனை வகுப்பறைக் கரும்பலகையைத் தாண்டியிருக்காது.

சுரங்கக் கல்லூரி ஆசிரியருக்கு எழுந்த கேள்வி எளியது. தோண்டாமல் உள்ளே இருப்பதை அறிய முடியுமா? இரும்புத் தாதுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. ஸ்வீடனில் பல நூற்றாண்டுகளாகக் காந்த ஊசியை வைத்து இரும்பைத் தேடி வந்தார்கள். ஆனால் செம்பும் ஈயமும் காந்த ஊசியைத் திருப்புவதில்லை. அவற்றைக் கண்டறிய வேறு ஏதாவது வேண்டும். கொன்ராட் மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தார். 1911 வாக்கில் குளியல் தொட்டி ஒன்றில் மண்ணையும் பாறைகளையும் நிரப்பி, அதற்குள் மின்சாரம் எப்படிப் பரவுகிறது என்று அளந்து பார்த்தார்.

அவர் நம்பியிருந்த அடிப்படையை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று வீட்டில் சொல்கிறோமே, அதே காரணம்தான். உலர்ந்த பொருளில் மின்சாரம் எளிதில் பாயாது. உப்பு கரைந்த நீரில் தாராளமாகப் பாயும். பாறையும் அப்படியே. பெரும்பாலான பாறைகளின் துகள்கள் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை. துகள்களுக்கு இடையிலும் வெடிப்புகளுக்குள்ளும் தேங்கியிருக்கும் நீர்தான் கடத்துகிறது. மின்சாரத்தை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதை மின்தடைமை என்கிறோம். ஓம்-மீட்டர் என்ற அலகில் அளக்கிறோம். கடல்நீருக்கு அது ஏறத்தாழ 0.2. களிமண்ணுக்குச் சில பத்துகளுக்குள். வெடிப்பில்லாத கருங்கல்லுக்குப் பல ஆயிரம். இயற்கையில் ஒரே பண்பு இத்தனை மடங்கு மாறுவது அபூர்வம். அந்த வேறுபாட்டைத் தரைமேலிருந்தே அளக்க முடிந்தால், கீழே இருப்பது களிமண்ணா கல்லா தாதுவா என்று ஊகிக்கலாம்.

1912இல் நார்மண்டியில் குடும்பத்துக்குச் சொந்தமான வால்-ரிஷே பண்ணையில் கொன்ராட் அதைச் செய்து பார்த்தார். தரையில் இரண்டு கம்பிகளை அடித்து மின்சாரத்தைச் செலுத்தினார். பிறகு வேறு இரண்டு முனைகளை மண்ணில் நட்டு, அவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாத இடங்களைத் தேடி நடந்தார். அழுத்தம் சமமாக உள்ள புள்ளிகளை இணைத்தால் வளைகோடுகள் கிடைக்கும். தரை ஒரே சீராக இருந்தால், குளத்தில் கல் எறிந்தால் எழும் அலைபோல, நட்ட கம்பியைச் சுற்றி அவை ஒழுங்கான வட்டங்களாக இருக்கும். கீழே மின்சாரத்தை நன்கு கடத்தும் தாதுவோ, கடத்தாத பாறையோ இருந்தால் வட்டம் கோணும். கோணல் எந்தப் பக்கம், எவ்வளவு என்பதைப் பார்த்தால் உள்ளிருப்பதன் உருவம் தெரியவரும். மண்ணுக்கு மேலே வரைந்து மண்ணுக்குக் கீழே படித்த முதல் வரைபடங்களில் அது ஒன்று. அந்த ஆண்டே காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார்.

சொல்வதற்கு எளிது. செய்யும்போது பூமி ஏகப்பட்ட தொல்லை கொடுத்தது. ஈர மண்ணில் உலோகக் கம்பியை நட்டால் கம்பியே ஒரு சிறு மின்கலம்போல் நடந்துகொண்டு தன் பங்குக்கு ஓர் அழுத்தத்தை உண்டாக்கிவிடும். அளப்பது பூமியையா கம்பியையா என்ற குழப்பம் வரும். இதற்குத் தீர்வாக, செம்புக் கம்பியை மயில்துத்தக் கரைசலில் நிறுத்தி, அந்தக் கரைசல் நுண்துளைக் கலத்தின் வழியே மண்ணைத் தொடும்படி செய்யும் மின்முனைகள் பயன்பட்டன. சில மில்லிவோல்ட்டுகளைக்கூட நம்பி அளக்கலாம் என்ற நிலை வந்தது.

அந்த நுட்பம் இன்னொரு கதவையும் திறந்தது. சில தாதுக்கள் தாமாகவே மின்சாரம் உண்டாக்குகின்றன. கந்தகம் கலந்த தாதுப் படிவத்தின் மேற்பகுதி காற்றும் மழைநீரும் பட்டு ஆக்சிகரணம் அடைகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி அப்படியே கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே இயற்கையான மின்கலம் ஒன்று உருவாகிவிடுகிறது. லியோன் நகருக்கு அருகே உள்ள சான்-பெல் சுரங்கத்தில் 1913இல் கொன்ராட் இதை அளந்து காட்டினார். மின்சாரமே செலுத்தத் தேவையில்லை. நட்டு வைத்துக் கேட்டால் போதும். முதல் உலகப் போர் மூளும் முன்பே செர்பியாவின் செம்பு வட்டாரத்திலும் மின்முறை தன் திறமையைக் காட்டிவிட்டது.

பிறகு போர். கொன்ராட் பீரங்கிப் படையில் பணியாற்றினார்; ஆராய்ச்சி நான்கு ஆண்டுகள் கிடப்பில் போனது.

1919இல் அவர்களின் தந்தை செய்த காரியம் இந்தக் கதையில் எந்தக் கருவியையும்விடப் பெரியது. மகன்களின் ஆராய்ச்சிக்கு 5,00,000 பிராங்க் தருவதாக ஓர் ஒப்பந்தம் எழுதினார். அதில், பண லாபத்தைவிட அறிவியல் ஆய்வின் நலனே முன்னே நிற்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தார். ஆலைத் தொழிலில் கணக்குப் பார்த்தே வளர்ந்த முதியவர், விளைச்சல் எப்போது வரும் என்று தெரியாத நிலத்துக்கு விதை கொடுத்தார். அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் அந்தப் பொறுமை தேவைப்பட்டது. மார்செல் முழுநேரமாகச் சேர்ந்துகொண்டார். கொன்ராட் தன் முறையை விளக்கி 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். சில ஆண்டுகளில் கல்லூரிப் பணியையும் விட்டார்.

நான்கு மின்முனைகளை ஒரே நேர்கோட்டில் நட்டு அளக்கும் முறை இந்தக் காலத்தில்தான் திருத்தம் பெற்றது. வெளிப்புறம் இருக்கும் இரண்டு முனைகள் மின்சாரத்தைச் செலுத்தும். உட்புறம் இருக்கும் இரண்டும் அழுத்தத்தை அளக்கும். அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் என்பவரும் நான்கு முனைகளைச் சம இடைவெளியில் வைக்கும் முறையைத் தனியாக உருவாக்கியிருந்தார். அதில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் நான்கையும் பிடுங்கி நட வேண்டும். ஷ்லும்பெர்ஜே அமைப்பில் உள்முனைகள் நடுவில் நெருக்கமாக நிற்கும். வெளிமுனைகளை மட்டும் விலக்கிக்கொண்டே போனால் போதும். வெளிமுனைகள் விலக விலக மின்சாரம் மேலும் ஆழமாக இறங்கிச் சுற்றி வரும். மேலே நின்றபடியே கீழே கீழே போய்ப் பார்ப்பது போன்றது இது.

1923இல் ருமேனியாவின் அரிசெஷ்ட் பகுதியில் மண்ணுக்கடியில் இருந்த உப்புக் குவிமாடம் ஒன்றை இப்படி வரைந்து காட்டினார்கள். எண்ணெய் சேரும் அமைப்புகளை மின்முறையால் கண்டறியலாம் என்பது உறுதிப்பட்டது. 1926இல் மின்வழித் தேடலுக்கென்றே தனி நிறுவனம் தொடங்கினார்கள். ஆனால் எண்ணெய் பெரும்பாலும் மிக ஆழத்தில் கிடக்கிறது. தரையிலிருந்து அளக்கும்போது ஆழத்தின் செய்தி மங்கிவிடும். நடுவில் உள்ள ஒவ்வொரு அடுக்கின் மின்தடைமையும் உண்மையில் எவ்வளவு என்று தெரிந்தால் மேலிருந்து எடுத்த அளவுகளுக்குப் பொருள் சொல்வது சுலபமாகும். அதற்கு மின்முனைகளைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டால் என்ன என்று கொன்ராட் யோசித்தார். தரைமேல் வேலைக்கு ஒத்தாசையாக நினைத்த அந்த வேலைதான் பெஷெல்ப்ரானில் தொடங்கி, தாய் முறையையே விழுங்கும் அளவுக்கு வளர்ந்தது.

காரணம் இருந்தது. அக்காலத்தில் துரப்பணக்காரர்கள் பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். தண்டு அரைத்துத் தள்ளும் பொடி, சேற்றோடு கலந்து மேலே வரும். அது எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. துல்லியம் வேண்டுமென்றால் பாறையை உருளையாக அறுத்து எடுக்க வேண்டும். அது நேரத்தையும் பணத்தையும் தின்னும். அந்தப் பாறை உருளையைப் பிரெஞ்சுக்காரர்கள் வடிவத்தை வைத்துக் 'கேரட்' என்றே அழைப்பார்கள். சகோதரர்கள் தங்கள் புதிய முறைக்கு 'மின் கேரட் எடுத்தல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். கல்லை அறுக்காமலே கல்லின் குணத்தை மீட்டர் மீட்டராக எடுத்துவிடலாம் என்பதை அந்தப் பெயர் துரப்பணக்காரனுக்கு ஒரே சொல்லில் புரிய வைத்தது.

முதல் கிணற்றின் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் சொல்ல முடியவில்லை. அருகிலிருந்த கிணறுகளிலும் பதிவெடுத்து, கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் விளங்கியது. ஒரு கிணற்றில் தெரிந்த அதே மேடும் பள்ளமும் அடுத்த கிணற்றில் சற்று இறங்கியோ ஏறியோ மறுபடி தெரிந்தன. அதாவது, இங்கிருக்கும் அடுக்குதான் அங்கேயும் தொடர்கிறது. இந்தப் பக்கமாகச் சாய்கிறது. இரண்டு கிணறுகளுக்கு நடுவே யாரும் பார்த்திராத பாறையின் போக்கு, இரண்டு தாள்களை ஒப்பிட்டதில் தெரியவந்தது. இந்த ஒப்பீடுதான் அந்தச் சகோதரர்களின் உண்மையான கண்டுபிடிப்பு. மின்தடையை அளந்தவர்கள் அவர்களுக்கு முன்பும் உண்டு.

ஒரு சிக்கல் மீதம் இருந்தது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே எண்ணெய் நிறைந்த மணற்கல்லில் மின்தடைமை எகிறும். ஆனால் துளையே இல்லாத கெட்டிப் பாறையிலும் அது எகிறத்தான் செய்யும். எதை எதிலிருந்து பிரிப்பது? மின்சாரம் செலுத்தாத நேரத்திலும் கிணற்றுக்குள் மானியின் முள் அசைவது தெரிந்தது. சான்-பெல் சுரங்கத்தில் பழகிய கொன்ராட் அதைத் தொந்தரவு என்று ஒதுக்கவில்லை. துரப்பணச் சேற்றின் நீருக்கும் பாறைக்குள் இருக்கும் நீருக்கும் உப்பின் அளவு வேறு. மணலும் களிமண் பாறையும் சந்திக்கும் இடத்தில் அந்த வேறுபாடு சில மில்லிவோல்ட் அழுத்தத்தை உண்டாக்குகிறது. நீர் புகக்கூடிய மணலுக்கு நேரே முள் ஒரு பக்கம் சாயும். களிமண் பாறைக்கு நேரே திரும்பி வரும். 1931 முதல் இரண்டு கோடுகளையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். ஒரு கோடு 'இங்கே நீரோ எண்ணெயோ புகும் இடம் உண்டு' என்றது. மற்றது 'புகுந்திருப்பது நீர் அல்ல' என்றது. எண்ணெய்த் தொழில் அன்று முதல் வேறு தொழில்.

1929இலேயே வெனிசுவேலாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் குழுக்கள் போயின. அமெரிக்காவில் முதல் முயற்சி நிலைக்கவில்லை. உலகப் பொருளாதாரமே சரிந்திருந்த நேரம் அது. குரோஸ்னி, பாகூ எண்ணெய் வயல்களில் கிடைத்த சோவியத் வேலைதான் நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது. 1932இல் அமெரிக்க வளைகுடாக் கரையில் மறுபடி நுழைந்தார்கள். இந்த முறை வேரூன்றினார்கள். 1936 மே மாதம் சோவியத் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்டாக்ஹோமில் கொன்ராட் காலமானார். அவருக்கு வயது 57. மார்செல் 1953இல் மறையும்வரை நிறுவனத்தை நடத்தினார். 1942இல் ஷெல் நிறுவனத்தின் கஸ் ஆர்ச்சி, மின்தடைமையிலிருந்து பாறையில் நீர் எத்தனை பங்கு, எண்ணெய் எத்தனை பங்கு என்று கணக்கிடும் சமன்பாட்டைத் தந்தார். வளைகோடு எண்ணாக மாறியது. மருமகன் டால், மின்முனைகளே இல்லாமல் மின்தூண்டலால் அளக்கும் கருவியை 1940களின் பிற்பகுதியில் கொண்டு வந்தார். நிறுவனம் உலகின் மிகப் பெரிய எண்ணெய்வயல் சேவை நிறுவனமாக வளர்ந்து, 2022இல் தன் பெயரை எஸ்.எல்.பி. என்று சுருக்கிக்கொண்டது.

ஆனால் சகோதரர்களின் முழுப் பெயர் எண்ணெய் இல்லாத ஊர்களில் இன்னும் தினமும் உச்சரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 73 சதவீதம் கடினப் பாறை. கோவை, சேலம், தர்மபுரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீர் என்பது சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் ஒளிந்திருக்கும் நீர். அதைத் தேடும் நிலவியலாளர் நிலத்தில் நான்கு கம்பிகளை நடுகிறாரே, அந்த அமைப்புக்குப் பெயர் ஷ்லும்பெர்ஜே அமைப்பு. நடுவில் ஒரு பெட்டி; இருபுறமும் கம்பிச் சுருளோடு ஆட்கள். ஒவ்வொரு தூரத்திலும் கம்பியைச் சுத்தியலால் அடித்து, மண் காய்ந்திருந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி, 'ஆச்சு' என்று குரல் கொடுப்பார்கள். பெட்டிக்காரர் எண்ணைக் குறித்துக்கொள்வார். வால்-ரிஷேயில் நடந்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

இந்த முறை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கருவிக்குத் தண்ணீர் தெரியாது, மின்தடைமைதான் தெரியும். களிமண்ணும் உப்புநீரும் குறைந்த அளவையே காட்டும். நல்ல நீர் நிறைந்த சிதைந்த பாறை நடுத்தர அளவைக் காட்டும். நிலவியல் தெரிந்தவர்தான் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியும். கம்பியை விலக்கிய தூரத்தில் பாதிதான் ஆழம் என்று களத்தில் சொல்லப்படும் கணக்கு சரியல்ல. ஆழம் அடுக்குகளைப் பொறுத்து மாறும், பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆயிரம் அடிக்குக் கீழே விரல் அகல வெடிப்பு ஒன்றை மேலிருந்து கண்டுபிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. உயரழுத்த மின்கம்பியும் புதைத்த இரும்புக் குழாயும் முள்வேலியும் அளவைக் கெடுக்கும். இத்தனைக்கும் பிறகும், கம்பும் தேங்காயும் ஏந்தி நடப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது. சிதைந்த பாறை எவ்வளவு தடிமன், கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்று இது சொல்லும். எங்கே தோண்டவே கூடாது என்றும் சொல்லும். கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடும் குடும்பத்துக்கு அந்த இரண்டாவது பதில் முதலாவதைவிட மதிப்பு மிக்கது.

ஆனால் பெஷெல்ப்ரானில் கண்ட ஒன்றை நாம் இன்னும் செய்யவில்லை. ஆய்வு முடிந்ததும் 'இந்த இடம்' என்று ஒரு கல்லை நட்டுவிட்டு எல்லாரும் போய்விடுகிறோம். அளவுகள் எழுதிய தாள் யாரிடமும் இருப்பதில்லை. தோண்டும்போது எத்தனை அடியில் என்ன கல் வந்தது, எங்கே ஈரம் தட்டியது, எங்கே வறண்டது என்பதும் தோண்டிய வண்டியோடு ஊரைவிட்டுப் போய்விடுகிறது. பக்கத்துத் தோட்டக்காரர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்.

அடுத்த முறை ஆழ்துளைக் கிணறு போடுமுன் மின்தடை ஆய்வு செய்யச் சொல்லுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையிடமும் கேட்கலாம். ஆய்வு முடிந்ததும் அளவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தோண்டும் நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்று, அடிக்கு அடி வரும் கல்லின் நிறத்தையாவது எழுதி வையுங்கள். தண்ணீர் வராமல் போனாலும் எழுதுங்கள். அதைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் காட்டுங்கள்.